நடுவில் இருக்கும் மரியா

இந்தப் படத்தை முதலில் திரையில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டு ஓரத்திலும் இரண்டு பெண்கள் ஆளுயரத்துக்கு நிற்கிறார்கள், நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் பளபளப்பு. தலைப்போ 'மூன்று மரியாக்கள்'. எண்ணிப் பார்த்தால் ஒரு மரியா குறைகிறாள். கீழே பொடி எழுத்தில் இருந்த பொருள் விவரத்தைப் படித்த பிறகுதான் விஷயம் உறைத்தது: காகிதத்தில் வண்ணப் பென்சில், அதைப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள், பின்பக்கம் குஷன், அப்புறம் கண்ணாடி. அந்த நடுப்பலகைதான் கண்ணாடி. அதன் முன்னால் போய் யார் நிற்கிறாரோ அவர்தான் மூன்றாவது மரியா. படமெடுப்பவர்கள் தங்கள் உருவம் அதில் விழாதபடி ஒதுங்கி நின்று எடுப்பதால், புத்தகத்திலும் திரையிலும் இந்தப் படம் மூன்றில் இரண்டு பங்காகத்தான் நம்மிடம் வந்துசேர்கிறது.

வரைந்தவர் ஜூடித் பாக்கா. ஜூடி பாக்கா என்றால்தான் பலருக்கும் தெரியும். வருடம் 1976, ஊர் லாஸ் ஏஞ்சலஸ், ஸ்பானிய மொழியில் தலைப்பு 'லாஸ் த்ரெஸ் மரியாஸ்'. மூன்று பலகைகளையும் சேர்த்து உயரம் 68¼ அங்குலம், அகலம் 50¼ அங்குலம், கனம் 2¼ அங்குலம். ஐந்தடி எட்டங்குல உயரத்தில், ஒரு பலகைக்குக் கிட்டத்தட்ட 17 அங்குல அகலம்தான் வருகிறது. அந்த அகலத்தில் ஒரு ஆள் நிற்கலாம், கையை விரிக்க முடியாது. துணிக்கடையில் புடவையோ சட்டையோ போட்டுப் பார்க்கிற அறையில் இருக்குமே ஒரு ஒடுக்கமான நிலைக்கண்ணாடி, ஏறக்குறைய அந்த அளவு.

ஒரு பலகையில் நிற்பவள் பச்சூகா. 1940களிலும் 50களிலும் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் வலம்வந்த மெக்சிக்க வம்சாவளிப் பெண்: உயரத் தூக்கிச் சீவிய கூந்தல், மையால் இழுத்த புருவம், உடம்பைப் பிடித்தாற்போல் குட்டைப் பாவாடை, கையில் சிகரெட். இன்னொரு பலகையில் நிற்பவள் சோலா. அவள் 1970களின் பெண், ஓவியர் அன்றாடம் பார்த்துப் பழகிய பேட்டைப் பெண். தொளதொளத்த கருநிற உடை, நீளக் கூந்தல், நேராக நிற்கும் உடம்பு. இருவர் முகத்திலும் வரவேற்பு கிடையாது. "என்ன வேணும்?" என்று கேட்கிற முகங்கள்.

பச்சூகா யார் என்று தெரியாமல் இந்தப் படத்தைப் பார்த்தால் பாதிதான் விளங்கும். 1942 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஸ்லீப்பி லகூன் என்ற நீர்த்தேக்கத்தின் பக்கம் ஹோசே டியாஸ் என்ற இளைஞன் அடிபட்டுக் கிடந்து இறந்துபோனான். போலீஸ் மெக்சிக்க அமெரிக்க இளைஞர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துப் போனது, 22 பேர் மீது வழக்கு நடந்தது, 1943 ஜனவரியில் 17 பேருக்குத் தண்டனை விழுந்தது. 1944 அக்டோபரில் மேல்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இதற்கு நடுவில் 1943 ஜூன் மாதம் கடற்படைச் சிப்பாய்கள் ஊருக்குள் புகுந்து, சூட் சூட் எனும் தொளதொளப்பான நீளக் கோட்டு உடை போட்ட பையன்களைத் தேடிப் பிடித்து அடித்து, நடுத்தெருவில் துணியை உருவிய கலவரம் நடந்தது. பையன்களின் கதை ஓரளவு எல்லாருக்கும் தெரியும். பெண்களும் அந்தக் கதையில் இருந்தார்கள். வழக்கில் சாட்சி சொல்ல மறுத்த சில பெண்களை, அவர்கள் மீது எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படாமலேயே, வென்டுராவில் இருந்த பெண்கள் சீர்திருத்தப் பள்ளியில் கொண்டுபோய் அடைத்தார்கள். கூந்தலுக்குள் பிளேடு மறைத்து வைத்திருப்பார்கள், ஒழுக்கம் கெட்டவர்கள் என்று அன்றைய செய்தித்தாள்கள் எழுதின. வெள்ளைக்காரர்கள் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும், சொந்த வீட்டுப் பெரியவர்களே இந்தப் பெண்களைப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

இருபது, இருபத்தைந்து வருடம் கழித்து, மெக்சிக்க அமெரிக்கர்களின் உரிமைக்கான சிக்கானோ இயக்கம் கிளம்புகிறது. 1969 மார்ச்சில் டென்வரில் இளைஞர் மாநாடு, 1970 ஆகஸ்ட் 29ல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் வியட்நாம் போருக்கு எதிரான பெரும் ஊர்வலம், அன்றைக்கே போலீஸ் கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கிப் பத்திரிகையாளர் ரூபென் சலசார் மரணம். இயக்கத்துக்கு முன்னோடி நாயகர்கள் தேவைப்பட்டார்கள். யாரை எடுத்துக்கொண்டார்கள்? பச்சூகோவை, அதாவது ஆணை. சட்டத்துக்குப் பணியாத, தன் உடையாலேயே அமெரிக்காவை எதிர்த்த வீரன் என்று கவிதையிலும் நாடகத்திலும் சுவரிலும் அவனைத் தூக்கி வைத்தார்கள். அவன் பக்கத்தில் நின்ற பச்சூகாவை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சுவர்ப்படங்களில் பெண் வந்தால் மெக்சிக்கர்கள் வணங்கும் கன்னி மரியாவான குவாதலூப்பே மாதாவாக வருவாள், இல்லாவிட்டால் துப்பாக்கி ஏந்திய மெக்சிக்கப் புரட்சிப் பெண்ணாக, அதுவும் இல்லாவிட்டால் வீரன் ஒருவனின் மடியிலோ தோளிலோ சாய்ந்து மயங்கிக் கிடக்கும் அஸ்டெக் இளவரசியாக. நடுராத்திரி தெருமுனையில் சிகரெட்டோடு நிற்கும் பெண்ணுக்கு அந்தச் சுவரில் இடம் கிடையாது.

ஓவியர் கூட்டத்திலும் அதே நிலைமைதான். 1974ல் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி கலை அருங்காட்சியகம் முதன்முதலாக சிக்கானோ கலைஞர்களுக்குக் கதவு திறந்தபோது உள்ளே போனது 'லாஸ் ஃபோர்' என்ற குழு, நாலு பேரும் ஆண்கள். ஐந்தாவதாக அந்தக் குழுவில் சேர்ந்த ஜூடித் எர்னாண்டஸ்தான் அதில் இருந்த ஒரே பெண்.

பாக்கா 1946ல் பிறந்தவர். வாட்ஸ் பகுதியில் பாட்டி, அம்மா, அம்மாவின் சகோதரிகள் என்று பெண்களே நிறைந்த வீட்டில் வளர்ந்து, அம்மா மறுமணம் செய்துகொண்ட பிறகு சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் உள்ள பக்கோய்மாவுக்குப் போனவர். ஆங்கிலம் தெரியாத பிள்ளை என்பதால் வகுப்பில் ஒரு ஓரமாக உட்கார வைத்து வண்ணம் கொடுத்துவிடுவார்களாம், அப்படித்தான் ஓவியம் தொடங்கியது என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1969ல் நார்த்ரிட்ஜ் கல்லூரியில் பட்டம். அங்கே தான் செய்த படங்களைப் பாட்டியிடம் காட்டியபோது, இதெல்லாம் எதற்குப் பயன்படும் என்று பாட்டி கேட்ட கேள்வி அவரை விடவே இல்லை. 1970ல் பாயில் ஹைட்ஸ் பகுதியில் சண்டைக்காரக் குழுக்கள் நாலிலிருந்து இருபது இளைஞர்களைச் சேர்த்து, ஹாலென்பெக் பூங்காவின் இசை மேடைச் சுவரில் 'மி அபுவெலிதா', அதாவது 'என் பாட்டி' என்ற படத்தை வரைய வைத்தார். கைகளை விரித்து அணைக்கிற ஒரு பெரிய பாட்டி. எனக்கு அந்தப் படம் பிடிக்கும், ஆனால் அதில் இருப்பதும் நல்ல பெண்தான், யாரும் குறை சொல்ல முடியாத பெண்.

1976க்கு வருவோம். அமெரிக்கா தன் 200ஆவது பிறந்தநாளைக் கொண்டாடிக்கொண்டிருந்த வருடம். பாக்காவுக்கு அந்த ஒரே வருடத்தில் எத்தனை வேலை என்று பார்த்தால் தலை சுற்றும். கிறிஸ்டினா ஷ்லெசிங்கர், டோனா டைச் இருவரோடும் சேர்ந்து 'ஸ்பார்க்' என்ற பொதுக்கலை அமைப்பைத் தொடங்குகிறார். துஹுங்கா வாஷ் வெள்ளக்கால்வாயின் சுவரில் 'லாஸ் ஏஞ்சலஸ் பெருஞ்சுவர்' முதல் கோடையில் தொடங்குகிறது: 80 இளைஞர்கள், 1000 அடி. அது பிறகு 1983 வரை ஐந்து கோடைகளில் நீண்டு 2754 அடி ஆனது. பழங்குடிகள், சீனத் தொழிலாளிகள், கறுப்பின மக்கள், ஜப்பானிய அமெரிக்கர்கள் என்று பள்ளிப் பாடத்தில் இல்லாத கலிஃபோர்னியாவின் கதை முழுக்க அந்தச் சுவரில். வேலை செய்த பிள்ளைகளில் பலர் நீதிமன்றத்து வாசலைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

அதே வருடம்தான் இந்தப் பென்சில் படமும். நினைத்துப் பார்த்தால் எனக்கு வியப்பாக இருப்பது இந்த எதிர்ப்பொருத்தம்தான். அங்கே கொளுத்தும் வெயிலில், ஹெல்மெட் போட்டுக்கொண்டு, கூட்டத்தை மேய்த்துக்கொண்டு, பெரிய பிரஷ்ஷில் அடிக்கிற வேலை. இங்கே ஒற்றை ஆளாக உட்கார்ந்து வண்ணப் பென்சிலைக் கூர்சீவிக் கூர்சீவிச் செய்கிற வேலை. ஐந்தடி எட்டங்குல உயரமுள்ள ஒரு பெண்ணைப் பென்சிலால் நிரப்புவது லேசான காரியம் கிடையாது; ஒரு கறுப்புப் பாவாடையை அடர்த்தியாக்கவே கை கழன்றுவிடும். இத்தனைக்கும் வண்ணப் பென்சில் என்பது கலைக்கூடங்களில் மதிப்புள்ள பொருள் இல்லை, பள்ளிப் பிள்ளைகளின் பொருள். அப்புறம் சிறைக்கைதிகளின் பொருளும்கூட: தென்மேற்கு அமெரிக்கச் சிறைகளில் சிக்கானோ கைதிகள் கைக்குட்டையில் பேனாவாலும் பென்சிலாலும் படம் வரைந்து வீட்டுக்கு அனுப்புகிற 'பான்யோ' கலை இருக்கிறது. பாக்கா அதை மனதில் வைத்துத்தான் பென்சிலை எடுத்தாரா என்பதைவிட, அந்தப் பென்சில் கோடுகளைப் பார்க்கும் பக்கோய்மாக்காரருக்கு எது நினைவுக்கு வந்திருக்கும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

படம் முதலில் காட்சிக்கு வந்தது 1976ல், லாஸ் ஏஞ்சலஸ் 'உமன்ஸ் பில்டிங்'கில். ஜூடி சிகாகோ, ஷீலா டி பிரெட்வில், ஆர்லீன் ரேவன் மூவரும் 1973ல் தொடங்கிய பெண்கள் கலை மையம் அது. வந்துபோனவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரப் பெண்கள். பாக்கா நிலைமை இரண்டுங்கெட்டான்: சிக்கானோ தோழர்களுக்குப் பெண்ணியம் வெள்ளைக்காரர் சமாச்சாரம், பெண்ணியத் தோழிகளுக்குச் சிக்கானா பெண்களின் வாழ்க்கை தூரத்துச் சமாச்சாரம். அந்த இடத்தில்தான் 'லாஸ் சிக்கானாஸ்' என்ற பெயரில் பாக்கா, ஜூடித் எர்னாண்டஸ், இசபெல் காஸ்ட்ரோ, ஓல்கா முனிஸ், ஹோசஃபினா கெசாடா ஐவரும் சேர்ந்து 'பெண்ணின் ரத்த நாளங்கள்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு கண்காட்சி வைத்தார்கள்.

பாக்கா அங்கே இன்னொன்றும் செய்தார். ஒரு ஒப்பனை மேசை முன்னால் தானாக வந்து உட்கார்ந்து, புருவம் வரைந்து, மை தீட்டி, கூந்தலைப் பின்னோக்கிச் சீவித் தூக்கி, ஒவ்வொரு படியாகப் பச்சூகாவாக மாறினார். பார்ப்பவர் கண்ணெதிரே. அந்த வேடத்தில் டோனா டைச் எடுத்த புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. பார்த்தால் தெரியும், பலகையில் நிற்கும் பச்சூகா வேறு யாரும் இல்லை, பாக்காதான். பக்கோய்மாவில் சின்ன வயதில் பயந்து பயந்து பார்த்த அக்காக்களைத் தன் முகத்திலேயே போட்டுப் பார்த்திருக்கிறார். ஆக மூன்று பலகையில் ஒன்று ஓவியரே, ஒன்று அவர் தெருவில் பார்த்த பெண், ஒன்று நீங்கள்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது, கன்னி மாதா ஒரு பக்கம் வேசி ஒரு பக்கம் என்று பெண்ணை இரண்டே பெட்டிக்குள் அடைக்கிற பழக்கத்தைக் கண்ணாடி கேள்வி கேட்கிறது என்பது. தலைப்பு அந்த எண்ணத்தைத் தூண்டத்தான் செய்கிறது. யோவான் நற்செய்தியில் சிலுவையடியில் நின்ற மூன்று மரியாக்கள் உண்டு: இயேசுவின் தாய், குளோப்பாவின் மரியா, மகதலேனா மரியா. ஆனாலும் எனக்கு இந்த வாசிப்பு முழுசாக ஒத்துவரவில்லை. படத்தை மறுபடி பாருங்கள், இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கம் கன்னி மாதா? பச்சூகாவும் ஊர் கண்ணில் கெட்டவள், சோலாவும் ஊர் கண்ணில் கெட்டவள். நல்லவளா கெட்டவளா என்று தேர்ந்தெடுக்கிற வாய்ப்பே பார்ப்பவருக்குத் தரப்படவில்லை. இரண்டு தலைமுறைக் 'கெட்ட' பெண்களுக்கு நடுவில் நிறுத்தப்படுகிறீர்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் நல்ல மரியா எங்கே போனாள்? மூன்று பலகைப் படம் என்பது தேவாலயப் பீடத்தின் வடிவம், நடுவில் தெய்வம், இரண்டு பக்கமும் புனிதர்கள். 1966ல் டெலானோவிலிருந்து சாக்ரமென்டோவுக்கு நடந்த பண்ணைத் தொழிலாளர் பேரணியின் முன்னால் போன கொடியில் இருந்தவள் குவாதலூப்பே மாதா, சிக்கானோ சுவர்களில் எங்கே திரும்பினாலும் தெரிந்தவளும் அவள்தான். அவள் நிற்க வேண்டிய நடு இடத்தைக் காலி செய்து அங்கே கண்ணாடியை வைத்திருக்கிறார் பாக்கா. பக்கத்தில் காவலுக்குப் புனிதர்கள் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட்டோடு ஒருத்தி, முறைப்போடு ஒருத்தி. மாதாவைக் கேலி செய்யவில்லை, திருத்தி வரையவும் இல்லை, சத்தமில்லாமல் இடத்தை விட்டு எடுத்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து 1978ல் சான் டியாகோவில் யோலாண்டா லோபெஸ் இதற்கு நேர்மாறான வழியில் போனார், மாதாவின் நட்சத்திர மேலாடையைப் பிடித்துக்கொண்டு ஓட்டக்காலணியோடு தானே ஓடிவருவதாக வரைந்தார். அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது, காரணம் அதை ஒரு அட்டையில் அச்சடிக்கலாம். கண்ணாடியை அச்சடிக்க முடியாதே.

மூன்று மரியாக்கள் என்றால் ஸ்பானிய மொழிக்காரர்களுக்கு வானத்தில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களும்தான், வேடன் விண்மீன் கூட்டத்தின் இடுப்புப் பட்டை. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே பிரகாசம், ஒரே இடைவெளி. இந்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டால் படத்தில் பெரியவள் சின்னவள் கிடையாது.

ஓவியத்தில் கண்ணாடி வைப்பது அப்போதே புதிது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இத்தாலியில் மிக்கெலாஞ்சலோ பிஸ்தோலெத்தோ 1962லிருந்தே கண்ணாடிபோல் மெருகேற்றிய தகட்டில் உருவங்களை ஒட்டி, பார்ப்பவரும் படத்துக்குள் விழும்படி செய்துகொண்டிருந்தார். அங்கே யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து போகலாம், எதுவும் ஆகாது. பாக்காவின் கண்ணாடிக்குப் பெயர் இருக்கிறது, வந்து நிற்பவர் மரியா ஆகியே தீரவேண்டும். ஐம்பது வயது ஆண் வந்து நின்றாலும் மரியா, படம் இப்போது இருக்கும் வாஷிங்டனைச் சுற்றிப்பார்க்க வந்த குடும்பத்தின் பிள்ளை வந்து நின்றாலும் மரியா. பக்கத்தில் நிற்கும் இருவரும் இவரைத் தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்களா இல்லையா என்பதுதான் புரியாது. தெருவில் இவர்களைக் கண்டு எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போகிறவருக்கு, இங்கே ஒதுங்க இடமில்லாமல் தோளோடு தோள் நிற்கிற நிலை.

இனி பின்பக்கம். இதைப் பற்றி ரொம்பப் பேர் ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை, எனக்கோ படத்திலேயே பிடித்த இடம் அதுதான். பலகையின் முதுகில் தைத்திருப்பது கார் சீட் குஷன் வேலை. 'டக் அண்ட் ரோல்' என்பார்கள்: துணியை வரிவரியாக மடித்துத் தைத்து, உள்ளே பஞ்சு அடைத்து, உருளை உருளையாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். தரையைத் தொடுகிறாற்போல் தாழ்த்திய 'லோரைடர்' கார்களின் உள்ளே இதே வேலைதான் இருக்கும். 1950களில் தெற்குக் கலிஃபோர்னியாப் பையன்கள் இந்த வேலைக்காகவே எல்லை தாண்டி திஹுவானாவுக்குக் காரை ஓட்டிப்போவார்கள், அங்கே கூலி மலிவு, கைவேலை நேர்த்தி. லோரைடர் உலகம் ஆண்களின் உலகம், அதில் பெண் என்றால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவள், அல்லது காரின் மேல் வரைந்த படம். அந்த சீட்டையே கழற்றிக் கொண்டுவந்தாற்போல் இந்தப் பெண்களுக்கு முதுகாகத் தைத்துவிட்டார். முன்னால் நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது, சுவரில் சாத்தினால் யாருக்குமே தெரியாது. தெரியாத பக்கத்துக்கு ஏன் இத்தனை செலவு என்று கேட்டால், அந்தப் பேட்டையின் அழகுணர்வே அதுதானே: வண்டியின் டிக்கியைத் திறந்தால்கூட உள்ளே வெல்வெட் இருக்க வேண்டும்.

படத்தில் எனக்கு ஒரு குறையும் உண்டு. சோலாவின் உருவத்தில், பச்சூகாவிடம் இருக்கிற உள்விளையாட்டு இல்லை. பச்சூகாவை ஓவியர் தன் உடம்பில் போட்டுப் பார்த்தவர், அந்த அலட்சியத்தின் சுகம் கோட்டில் தெரிகிறது. சோலாவை வெளியிலிருந்து, மரியாதையோடு, கொஞ்சம் எட்ட நின்று வரைந்திருக்கிறார். சமூகப் பணியாளராக அவர் அந்தப் பிள்ளைகளோடு பழகிய தூரம் அது என்று தோன்றுகிறது.

1990ல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்து வைட் கலைக்கூடத்தில் 'சிக்கானோ கலை: எதிர்ப்பும் உறுதிப்பாடும்' என்ற மாபெரும் கண்காட்சி தொடங்கியபோது இந்தப் படமும் அதில் இருந்தது. 1993 வரை பல ஊர்களுக்குப் போன அந்தக் கண்காட்சி, 1992ல் வாஷிங்டனில் தேசிய அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்திலும் தங்கியது. அதே அருங்காட்சியகம்தான், இப்போது ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் என்று பெயர், 1998ல் படத்தை வாங்கிக்கொண்டது. ஸ்லீப்பி லகூன் பெண்களைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பிய நாட்டின் தலைநகரில் இப்போது அவர்கள் வகையறாப் பெண் ஒருத்திக்குச் சேர்க்கை எண் 1998.162. மூன்று பலகைக்கும் ஆங்கில நெடுங்கணக்கின் முதல் மூன்று எழுத்துகள் தனித்தனியாக உண்டு, கண்ணாடிக்கும் சேர்த்து.

காகிதத்தில் செய்த வேலைக்கு வெளிச்சம் ஆகாது. வண்ணப் பென்சில் மங்கிவிடும் என்பதால் இப்படிப்பட்ட படங்களை அருங்காட்சியகங்கள் மங்கலான விளக்கில், அதாவது 50 லக்ஸ் அளவில், சில மாதங்கள் மட்டும் வெளியே வைத்துவிட்டு இருட்டறைக்குள் எடுத்துப் போய்விடுவார்கள். ஆகவே இதைப் பார்க்கப் போகிறவர் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது நல்லது. வெளியில் இருக்கும் நாட்களிலும் வெளிச்சம் குறைவு என்பதால், கண்ணாடியில் உங்கள் முகம் சற்று மங்கலாகத்தான் விழும், பென்சிலால் வரைந்த இரண்டு பேரும் உங்களைவிடத் தெளிவாக இருப்பார்கள்.